டீச்சரம்மாவை உசத்தினோம்

வடக்குமேட்டுக்குப்பம்,
திருவொற்றியூர்.
8-11-1954

அன்புள்ள தம்பி அப்பாவுக்கு அண்ணன் பொன்னுரங்கம் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அண்ணி பச்சையம்மா, குழந்தை குணசுந்தரி எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். கப்பலில் உன் உடம்பு எப்படி, கால் வீக்கம் வடிந்ததா என்று எழுதவும். எனக்காக எழுதுவது வழக்கம்போல உன் தோஸ்து சோடாக்கடை தமீம்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். நடுநடுவே சோடா உடைக்க எழுந்து போகிறான். விஷயம் முன்னே பின்னே இருந்தால் குற்றம் என்மேல் இல்லை.

போன வாரம் காற்றும் மழையும். எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. ஆள் தப்பித்தான். நம் அத்தை வீட்டுக்கு எதிரே கோணல் மூக்கு எத்திராஜ் இருப்பானே, அவன் மருமகன்தான். கரையேறினதும் தண்ணீர் கேட்கவில்லை, பெண்டாட்டியைக் கேட்கவில்லை, பீடி கேட்டானாம். "இதெல்லாம் எய்தணுமா அண்ணாத்தே?" என்கிறான் தமீம். எழுதுடா என்றேன்.

சொல்ல வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. நீ கப்பலேறும்போது இங்கே ஓலைக் கொட்டகையில் ஓர் ஆம்பிளை வாத்தியார் இருந்தார் அல்லவா? பெண்பிள்ளை ஒன்றுகூடப் போகாது. இப்போது சொக்கம்மாள் என்று ஒரு டீச்சரம்மா வந்திருக்கிறார். வியாசர்பாடிப் பெண். அப்பா மில்லில் வேலை பார்த்து நின்றுபோனவர். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். வந்த புதிதில் அவர் காப்பி குடித்த டம்ளரை உன் அண்ணி தனியாகக் கவிழ்த்து வைப்பாள். இப்போது அப்படி இல்லை.

அந்த அம்மா வீடு வீடாக வந்து, மீன் நறுக்குகிற இடத்தில் பெண்களோடு குந்தி, "எங்கிட்டதானேமே அனுப்பப் போற? நான் இன்னா புலியா, கரடியா?" என்று கேட்டே எல்லோரையும் கரைத்துவிட்டார். பஞ்சாயத்தில் நீலமேக நாட்டார் ஒரு வார்த்தை சொன்னார்: "பொம்பள டீச்சர் இருக்கிற வரிக்கும் பொண்ணுங்க போவட்டும்." அன்றிலிருந்து போகிறார்கள். குணா நாலாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் ஐந்து முடித்தால் திருவொற்றியூரில் பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே எல்லாம் டீச்சரம்மாக்கள்தான், பஞ்சாயத்தைக் கேட்க வேண்டியதில்லை. இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

மாசி மாதம் ஆண்டு விழா வைக்கப் போகிறார்கள். குப்பத்தில் இதுவரை அம்மன் திருவிழாதான் உண்டு, படிப்புக்குத் திருவிழா இல்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவாராம். வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அண்ணன் பொன்னுரங்கம்

*

கித்தர்பூர், கல்கத்தா.
19-12-1954

வணக்கத்துக்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி அப்பாவு எழுதியது. நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அண்ணிக்கும் குணாவுக்கும் என் அன்பு. தமீமுக்கு சலாம்.

கடிதம் கிடைத்து மிகவும் சந்தோஷம். இந்தக் கப்பலில் நம் பக்கத்துக் கலாசிகளில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. மற்றவர்கள் வீட்டுக் கடிதமும் என் தலையில்தான் விழுகிறது. ஒருவன் பெண்டாட்டிக்கு எழுதச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு எழுந்து ஓடிவிடுகிறான். பாதியை நானே கட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குணா ஐந்து முடித்தே ஆக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம். ராயபுரத்து சிலுவைமுத்து ஊருக்கு வருகிறான். அவனிடம் டீச்சரம்மாவின் பள்ளிக்கு ஒரு பெட்டி கலர்ச் சாக்குக் கட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இனிமேல் பினாங்கு, சிங்கப்பூர் என்று சுற்றப் போகிறோம். கடிதம் போவதும் வருவதும் தாமதமாகும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அப்பாவு

*

வடக்குமேட்டுக்குப்பம்.
17-1-1955

தம்பி அப்பாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். பொங்கல் நன்றாக நடந்தது. அண்ணிக்கு மட்டும் இருமல். சாக்குக் கட்டி வந்தது. டீச்சரம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, உடனே மூடிவிட்டார். "இத விழாவுக்குத்தான் தொடணும்" என்றாராம்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இந்தக் கடிதம். நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். பெரிய வலைப் படகில் நன்றாகத் துடுப்புப் போடுகிறவனைப் பின்தலைக்கு உசத்தி, படகை அவன் கையில் கொடுப்பதென்றால், படகுக்காரர் தானாக உசத்தக் கூடாது. கூட இருக்கிற ஆட்கள் ஊர் நடுவே எழுந்து, "இவன உசத்து" என்று கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்தால் அது மரியாதை இல்லை. ஆள் நல்லவனாக இருந்தும் கேட்காமல் இருந்தால் அது அவனை அவமானம் பண்ணினதுபோல. நம் பெரியப்பாவை உசத்தச் சொல்லிக் கேட்டபோது அவர் அழுதது உனக்கு நினைவிருக்கும். அழுதுவிட்டு அன்றைக்கே படகைக் கொண்டுபோய் மணல் திட்டில் சொருகினது வேறு கதை.

டீச்சரம்மா இத்தனை உழைக்கிறாரே, இந்த ஊர் அவருக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கிறதா? விழா அன்று இன்ஸ்பெக்டரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சாயத்துக்கும் சம்மதம். "யார் கேக்கறது?" என்றார் நாட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ நாலு ஊர் பார்த்தவன். கேட்கலாமா, எப்படிக் கேட்க வேண்டும் என்று உடனே எழுது.

அண்ணன் பொன்னுரங்கம்

*

வடக்குமேட்டுக்குப்பம்.
21-2-1955

தம்பி அப்பாவுக்கு ஆசீர்வாதம். நீ எங்கே இருக்கிறாயோ, தண்ணீர் எப்படியோ, சோறு எப்படியோ. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு இருமல் நின்றது. உன் பதில் வரவில்லை. அதற்குள் விழா வந்துவிட்டது, முடிந்தும்விட்டது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பள்ளிக்கூடத்துக்குள் பழைய மடிவலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டி, அதில் பிள்ளைகள் எழுதினது, வரைந்தது எல்லாவற்றையும் மாட்டியிருந்தார் டீச்சரம்மா. மீன் மாட்டுகிற வலையில் காகிதம் மாட்டியிருந்தது! தரையில் மணலைக் கொட்டி, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையை அப்படியே செய்திருந்தார்கள். துறைமுகச் சுவர் செங்கல் துண்டு, முகத்துவாரம் நீலச் சாக்குப் பொடி. நம் குப்பத்துக்கு ஒரு சிப்பி. எல்லோரும் அந்தச் சிப்பியைச் சுற்றி நின்று தங்கள் வீடு எங்கே என்று தேடினார்கள்.

பிள்ளைகள் மீன் படம் போட்டு அடியில் பேர் எழுதியிருந்தார்கள். அங்கேதான் சண்டை.

"இது இன்னாடா மீனு?"

"வவ்வால் நைனா."

"வவ்வாலுக்கு இம்மாம் பெரிய வாலா? பட்டம் வுடறதுக்கா?"

"காத்துல ஆடுது நைனா, அத்தொட்டு பெர்சா கீது."

"தண்ணிக்குள்ள காத்து எங்கடா வந்துச்சு?"

டீச்சரம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் குணாவைக் கூப்பிட்டு, உன் கலர்ச் சாக்கை அவள் கையில் கொடுத்து, ஊரில் படகு வைத்திருக்கிறவர்கள் பேரையெல்லாம் கரும்பலகையில் எழுதச் சொன்னார். அவள் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். தம்பி, நம் ஆட்கள் தங்கள் பேரை முதல்முதலாகப் பார்த்தார்கள். நீலமேக நாட்டார் கிட்டே போய், "இதானா நானு?" என்று விரல் வைத்தார். சாக்கு விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அய்யோ, எம்பேரு அய்ஞ்சி பூச்சே!" என்று அவர் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அழுவாத தாத்தா, வேற எய்தித் தரேன்" என்று குணா மறுபடி எழுதினாள். இந்தத் தடவை சிவப்புக் கலரில். உன் அண்ணி கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து குணாவுக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். "இந்த ஜில்லாவில் இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை" என்று பேசினார். அவர் உட்கார்ந்ததும் எழுந்தது யார்? உன் அண்ணன்தான். மேல்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அய்யா, எங்க டீச்சரம்மாவ உசத்தணும்" என்றேன். ஊரே சேர்ந்து, "உசத்தணும்! உசத்தணும்!" என்று கத்தியது. கொட்டகை ஓலை ஆடியது. டீச்சரம்மா தலையைக் குனிந்துகொண்டு வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். வெட்கம். இன்ஸ்பெக்டர், "கட்டாயம் கவனிக்கிறேன்" என்றார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? எல்லோரும் என் முதுகில் தட்டித் தட்டி இன்னும் வலிக்கிறது.

அண்ணன் பொன்னுரங்கம்

*

பினாங்கு.
6-2-1955

வணக்கத்துக்குரிய அண்ணன் அவர்களுக்கு. நான் சுகம். அண்ணியின் இருமலுக்கு டாக்டரிடம் காட்டவும். நீங்கள் பொங்கல் கழித்துப் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நேரமில்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டரிடம் கேட்க வேண்டாம். தயவு செய்து கேட்காதீர்கள்.

நம் படகில் ஒருவனை உசத்தினால் அவன் அதே படகில்தான் நிற்பான். உத்தியோகத்தில் அப்படி இல்லை. எங்களுக்கு நீலகண்டன் என்று ஒரு நல்ல டிண்டல் இருந்தான், எங்கள் கூட்டத்து மேஸ்திரி மாதிரி. எங்களைத் தம்பி மாதிரி பார்த்தான். நாங்கள் எல்லோரும் காப்டனிடம் போய் அவனைப் புகழ்ந்தோம். அவனை சாரங்காக, கலாசிகளுக்கெல்லாம் தலைவனாக, உசத்தி வேறு கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கப்பலில் ஏற்கெனவே ஒரு சாரங் இருக்கிறானே, இன்னொருவன் எதற்கு? அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒற்றை டீச்சர் பள்ளியில் உசத்தினால் அவர் எங்கே உட்காருவார்? டீச்சரம்மாவுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுங்கள். மாலை போடுங்கள். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள். அவருக்கு அது போதும். இது விழாவுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவு

*

வடக்குமேட்டுக்குப்பம்.
10-3-1955

தம்பி அப்பாவுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். உன் கடிதம் விழா முடிந்து, தோரணம் காய்ந்து உதிர்ந்த பிறகு வந்தது. தமீம் கடையில் கூட்டமாக இருந்ததால் வீட்டுக்கு எடுத்து வந்தேன். குணாவே படித்தாள். முழுக் கடிதத்தையும் அவள் படித்துக் காட்டுவது இதுதான் முதல் தடவை. தேர் இழுக்கிற மாதிரி நின்று நின்று படித்தாள். உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "தயவு செய்து கேட்காதீர்கள்" என்கிற இடம் வந்ததும் குணா நிறுத்திவிட்டு, "நைனா, சித்தப்பா கேக்காதன்றாரு" என்றாள். "மேல படி" என்றேன். படித்தாள்.

அது கப்பல், தம்பி. இது பள்ளிக்கூடம். கப்பல்காரன் கணக்கு வேறு. இன்ஸ்பெக்டர் நம் மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர். நல்லதைத்தான் செய்வார். நீ ஒன்றும் யோசிக்காதே.

இந்த வருஷம் நெத்திலி நிறைய. சுறா ஒன்று கரைவரைக்கும் வந்து சிறுவர்களைத் துரத்தியது. அதைப் பிடித்தவன் பரசுராமன். பிடித்தான் என்றுதான் அவன் சொல்கிறான். அது முன்னாலேயே செத்துப்போன சுறா என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். டீச்சரம்மா தினமும் வருகிறார். நேற்றும் வந்தார். இன்றும் வந்தார்.

அண்ணன் பொன்னுரங்கம்

*

வடக்குமேட்டுக்குப்பம்.
20-6-1955

தம்பி அப்பாவுக்கு ஆசீர்வாதம். நீண்ட நாளாகக் கடிதம் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான் அதிகம். கிணற்றுத் தண்ணீர் உப்பேறிவிட்டது. நீ நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

டீச்சரம்மாவுக்கு ஆர்டர் வந்தது. மதுராந்தகம் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமை உத்தியோகம். அவருக்குக் கீழே ஆறு டீச்சர்கள். சம்பளமும் உயர்வு. ஊர் கேட்டது, சர்க்கார் கொடுத்தது. அதற்கு நாம் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா?

வழியனுப்ப எல்லோரும் ரோடுவரைக்கும் போனோம். பிள்ளைகள் அழுதன. நாட்டார் ஒரு கூடை கருவாடு கொடுத்தார். பஸ்காரன், "நாத்தம் தாங்கல, எறக்குய்யா" என்றான். நாட்டார் அவனோடு சண்டை. அந்தச் சண்டையில் டீச்சரம்மா ஏறினதையும் பஸ் நகர்ந்ததையும் பாதிப் பேர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது ஜேக்கப் என்று ஒரு வாத்தியார் வந்திருக்கிறார். வயசானவர், நல்ல மாதிரி. ஆடி மாதத்துக்குப் பிறகு வலைக்கு நூல் வாங்கப் போக வேண்டும். பரசுராமன் மகளுக்குக் கல்யாணம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அண்ணன் பொன்னுரங்கம்

அப்பாவு, இந்த ஓரத்தில் எழுதுவது நான், தமீம். அண்ணாத்தே பீடி வாங்கப் போயிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டது இரண்டு. ஆர்டர் வந்த அன்று டீச்சரம்மா காகிதத்தை எடுத்துக்கொண்டு என் கடை வாசலுக்கே வந்து, "வேணாம்னு எய்திக் குடுத்துடட்டுமாண்ணே? எனக்கு இந்தப் புள்ளைங்க போதும்" என்று அண்ணாத்தேயைத்தான் கேட்டார். கூட்டம் நின்றிருந்தது. எல்லோர் முன்னாலும் தானே கேட்டு வாங்கினதை எப்படி வேண்டாம் என்பது? "கெடச்சத வுடாதீங்கம்மா, போயிட்டு வாங்க. வேற பொம்பள டீச்சர் வருவாங்க" என்றார். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு பெண்பிள்ளையும் இல்லை. குணாவும்தான்.

*

சிங்கப்பூர்.
28-7-1955

வணக்கத்துக்குரிய அண்ணன் அவர்களுக்கு. நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். டீச்சரம்மாவுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது சந்தோஷம்.

உங்கள் கடிதத்தில் பஸ்காரன் வந்தான், கருவாடு வந்தது, பரசுராமன் மகள் கல்யாணம் வந்தது. குணா பேர் மட்டும் வரவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

குணா, இதைப் படித்துக் காட்டுகிறவள் நீயாக இருந்தால், எந்த வகுப்பில் இருக்கிறாய் என்று சித்தப்பாவுக்கு நீயே ஒரு கார்டு எழுதிப் போடு.

அப்பாவு

*

வடக்குமேட்டுக்குப்பம்.
4-9-1955

தம்பி அப்பாவுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதத்தைத் தமீம்தான் படித்தான். கார்டு வாங்கிக் கொடுத்தேன். குணா வாங்கி மாடத்தில் வைத்தாள். அங்கேயே இருக்கிறது.

நானும் நாட்டாரும் இன்னும் சிலரும் ஜில்லா போர்டு ஆபீசுக்குப் போய் வந்தோம். ஆளுக்கொரு வெள்ளை வேட்டி. நாட்டார் செருப்பு போட்டுப் பழக்கமில்லாமல் வழியெல்லாம் நொண்டினார். ஒரு குமாஸ்தா, "இன்னா விசயம்?" என்றார்.

"எங்க டீச்சரம்மாவ உசத்திட்டீங்க சாமி. கொஞ்சம் கீழ எறக்கிக் குடுங்க."

"இன்னாது?"

"பழயபடி எறக்கி, எங்க பள்ளிக்கூடத்துலயே வுட்ருங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எல்லோரும் வந்து எங்களைப் பார்த்தார்கள். "ஏன்யா, அந்தம்மா இன்னா தப்பு பண்ணிச்சி?" என்று கேட்டார் ஒருவர். நாட்டாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பா? தங்கம்யா அது!" என்று கத்தினார். "தங்கத்த எதுக்குய்யா எறக்கணும்?" என்றார் அவர். அப்படியானால் பொம்பளை டீச்சர் யாரையாவது போடுங்கள் என்று கேட்டோம். அந்த மணலில் வந்து வேலை பார்க்க யாரும் சம்மதிக்கவில்லை என்றார்கள். அதுவும் நிஜம்தான்.

குணா அவள் அம்மாவோடு எண்ணூர் கருவாட்டுக் கொட்டகைக்குப் போய் வருகிறாள். சென்னாக்கூனி இறாலைப் புடைத்துப் பிரிக்கிறாள். கை சுறுசுறுப்பு என்று அங்கே எல்லோரும் மெச்சுகிறார்கள்.

ஜேக்கப் வாத்தியார் ஒருநாள் வாசலுக்கு வந்தார். "பொண்ணுங்கள என்னை நம்பி அனுப்ப வேணாம். தெனமும் ஒரு தாயி வந்து கொட்டாயில குந்தட்டும். வலை பின்னட்டும், பேன் பாக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. பஞ்சாயத்துல இத மட்டும் யாராவது சொல்லுங்க" என்றார். நல்ல யோசனைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்ததற்கே இது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன் பொன்னுரங்கம்

*

ரங்கூன்.
16-10-1955

வணக்கத்துக்குரிய அண்ணன் அவர்களுக்கு. நான் சுகம், லேசான காய்ச்சல் வந்து போனது.

நீங்கள் கேட்டது தப்பில்லை. டீச்சரம்மாவுக்கு இந்த ஊரைத் தவிர யார் அப்படி மரியாதை செய்தார்கள்? அதை நினைத்து நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அண்ணா, இப்போது பேசாமல் இருப்பது வேறு. ஜேக்கப் வாத்தியார் சொன்னதை நீங்கள்தான் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் எழுந்து நின்றவருக்கு நம் ஆட்கள் முன்னால் என்ன பயம்? முதல் தாயாக அண்ணியே போய் உட்காரட்டும். இந்த வருஷம் இன்னும் முடிந்துவிடவில்லை.

இந்த ஒரு தடவை என் கடிதம் நேரத்தோடு வந்து சேரட்டும்.

அப்பாவு

*

வடக்குமேட்டுக்குப்பம்.
19-12-1955

தம்பி அப்பாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். காய்ச்சல் விட்டதா? வெந்நீரில் குளி. இங்கே மழை விட்டு வெயில் வந்தது. எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதம் நேரத்தோடுதான் வந்தது. அம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. தமீமை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் அண்ணியிடமும் சொன்னேன். "நா போயி குந்தறேன். எனக்கு இன்னா? நீ மொதல்ல பேசு" என்றாள். சொல்ல வேண்டியதைக் கடற்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. தினமும் ஒரு தாய் கொட்டகையில் உட்காரட்டும், பெண்கள் படிக்கட்டும். அவ்வளவுதான்.

அன்று முதலில் எண்ணூர்க்காரன் நம் வலையை அறுத்த வழக்கு வந்தது. அதில் ஒரே கூச்சல். கோணல் மூக்கு எத்திராஜ் நடுவில் புகுந்து தன் மருமகன் பீடி கேட்ட கதையைச் சொன்னான். அந்த வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் கேட்டோம். எல்லாம் முடிந்து, "வேற ஏதாச்சும் கீதா?" என்றார் நாட்டார்.

எழுந்து நின்றேன், தம்பி. மேல்துண்டைக் கக்கத்தில் வைத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா பொன்னுரங்கம்," என்றார் நாட்டார், "இந்தத் தபா யார உசத்தி ஊர வுட்டு அனுப்பப் போற? ஜேக்கப் வாத்தியாரையா?"

கோயில் வாசலே சிரித்தது. பரசுராமன் தரையில் புரண்டு சிரித்தான். நாட்டார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சுண்டல் கொடுத்தார்கள். வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். உன் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

இதைத் தமீம் எழுதிக்கொண்டிருக்கும்போதே குணா கொட்டகையிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்தாள். சோடாப் பெட்டிமேல் கூடையை இறக்கிவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவன் காகிதத்தைக் கையால் மறைத்தான். "மறைக்காதே, படிக்கட்டும்" என்றேன். இப்போதெல்லாம் நின்று நின்று படிப்பதில்லை அவள். உதடுகூட அசையவில்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் படித்துவிட்டாள்.

"சித்தப்பாக்கு நீ ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"அல்லாத்தையும் நீயே சொல்ட்டியே நைனா" என்றாள்.

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கி அவள் தலைமேல் வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தம்பி.

அண்ணன் பொன்னுரங்கம்